தொங்கணும் வண்டி

“இன்னும் எறக்கு, பாய்” என்றார் பாகூர் பலராமன்.

வில்லியனூர் பட்டறையில் மாலிக் வெல்டிங்கை நிறுத்தினான். “இதுக்கு மேல எறக்கினா உன் மினி லாரி சாணியக்கூடத் தாண்டாதுண்ணே. எறக்கினதுல முன்சக்கரம் ரெண்டும் காலை அகட்டிக்கினு நிக்குது. அத நிமித்தத்தான் சக்கரத்தப் புடிச்சிருக்கிற கன்ட்ரோல் ஆர்மையே புதுசா அடிக்கிறேன்.”

“காலி வண்டி பாரம் ஏத்துன மாரி தொங்கணும். அவ்ளோதான்.”

மாலிக்குக்கு விஷயம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. தினமும் காலியாகவே தொங்கிப் பழக்கிவிட்டால், ஒருநாள் சாராயப் பெட்டி ஏற்றிப் போகும்போது செக்போஸ்டில் எவனுக்கும் சந்தேகம் வராது. பெரிய மனுஷன் போடும் கணக்கு இதுதான்.

“மாட்டினா எம்பேரைச் சொல்லிடாதண்ணே.”

“ஏன் பயப்படுற? நீயே கூட வா.”

ஆர்மை மாட்டி முடித்ததும் இருவரும் கிளம்பினார்கள். எல்லைச் செக்போஸ்டில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

“பேரு?”

“பலராமன்.”

“அப்பா பேரு?”

“உன் தாத்தா பேருகூட மறந்துடுச்சாடா?”

மாலிக் வாயைப் பிளந்தான்.

“எம்மவன் பாய். அவன் கல்யாணத்துல சண்ட வந்ததுலேர்ந்து பேச்சில்ல. காலி வண்டின்னு பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கினு கைய ஆட்டி அனுப்பிடுவான். இன்னிக்குத்தான் நிறுத்திப் பேசினான்.” பலராமனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

போலீஸ்காரர் அப்பனைப் பார்க்கவில்லை. மாலிக்கிடம் சொன்னார்:

“சந்தேகமான வண்டி பாய். தெனம் இந்தப் பக்கம் வரச் சொல்லு. செக் பண்ணணும்.”