நடக்கும் பூ

அன்று அந்தப் பாறைக்குட்டையில் கூடியிருந்தோர் நால்வர்: சங்குக்குள் குடியிருந்த நண்டு, அச்சங்கின்மேல் பூப்போல விரிந்து ஒட்டியிருந்த கடற்சாமந்தி என்னும் கடலுயிர், கரையில் குனிந்து பார்த்த பூங்கோதை, அவள் தம்பி கபிலன்.

நண்டு மெல்ல நகர்ந்தது.

"அக்கா, பூ நடக்குது," என்றான் கபிலன்.

"கடல் பூ நடக்கும்டா. தொடாதே, வாடிடும்."

அடியில் சுமப்பது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள் என நண்டு காத்திருந்தது. இத்தனை காலத்தில் அதை எவரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பிள்ளைகளோ பூவை வியந்து தீர்த்துவிட்டு அலையை நோக்கி ஓடினர்.

"கேட்டீரா, நான் நடக்கிறேனாம்," என்று சிரித்தது சாமந்தி.

"சுமப்பவன் நான் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"அவர்கள் கேட்கவில்லையே, அண்ணே. முகம் காட்டாமல் பதுங்கியிருப்பவரை யார் விசாரிப்பார்?"

வளர்ந்த உடலுக்கு அந்தச் சங்கு நெடுநாளாகவே இறுக்கமாக இருந்தது. மாலையில் நண்டு பெரிய காலிச் சங்கு ஒன்றைக் கண்டு, பழையதை விட்டு அதனுள் புகுந்தது. வீடு மாறும்போது சாமந்தியைக் கொடுக்கால் இதமாகத் தட்டிப் பெயர்த்துப் புதுச் சங்கின்மேல் அமர்த்துவது அவ்வினத்து நண்டுகளின் வழக்கம். சாமந்தி தன் பிடியைத் தளர்த்திக்கொண்டது.

"இம்முறை சற்று உயரமாக உட்காரவையும். நாளைக்கும் பிள்ளைகள் வருவார்கள்."

நண்டு கொடுக்கை அதனருகே கொண்டுசென்றது. தனக்குப் பேச்சுத்துணை வேறு எவருமில்லை என்பதை அது அறியும். பிறகு கொடுக்கை மடக்கிக்கொண்டு, சாமந்தியைப் பழைய சங்கின்மேலேயே விட்டுவிட்டுக் குட்டையைவிட்டு நடந்து போயிற்று.