ஹமல் என்றால் சுமப்பது

கே.கே. நகர் ஸ்கேன் சென்டரின் மங்கிய வெளிச்சத்தில் ஷஹனாஸ் விறைத்துப் படுத்திருக்கிறாள். முன்பு இரண்டு முறையும் இதே கட்டிலில்தான் "துடிப்பு இல்லைங்க" என்று சொல்லக் கேட்டாள். அடிவயிற்றில் ஜெல் சில்லிடுகிறது. திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் டாக்டர் இளவேனில் கேட்கிறார்: "உங்க வீட்ல கர்ப்பத்த என்னன்னு சொல்வீங்க?" "ஹமல்னு சொல்வோங்க. அரபில சுமக்கறதுன்னு அர்த்தமாம்." "எங்க மருங்காபுரில முழுகாம இருக்கான்னு சொல்வாங்க. மாசாமாசம் தலைமுழுகறது நின்னுபோச்சுன்னு அர்த்தம்." பேச்சுக் கொடுத்து எதையோ மறைக்கிறாரோ? கருவி அழுந்தி ஓரிடத்தில் நிற்கிறது. டாக்டரின் பேச்சும் நின்றுவிடுகிறது. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. ஷஹனாஸ் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். "துடிக்குதும்மா. இங்க பாருங்க" என்கிறார் டாக்டர். அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்."