எழுத்தாளருக்கு ஒரு கேமரா

“இது வேணாம் தம்பி, வேற காட்டுங்க” என்று ஐந்தாவது கேமராவையும் தள்ளி வைத்தாள் எழுத்தாளரின் மனைவி.

கடைக்காரருக்கு எரிச்சலை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. இன்றைக்கு நாளே சரியில்லை. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், எவனோ ஒரு லாரிக்காரன் கடை வாசலை அடைத்து வண்டியை நிறுத்திவிட்டுப் போயிருந்தான். பட்டப்பகலில் உள்ளே விளக்குப் போட வேண்டியிருந்தது. அந்த இருட்டுக்குள் தன் அபிமானப் பயண எழுத்தாளரே நேரில் வந்து நின்றபோது மனசு குளிர்ந்துதான் போனது. கூடவே மனைவியும் வந்ததுதான் வினை.

“மேடம், சாருக்கு இது பிரமாதமா இருக்கும். மலை உச்சியில இருக்கற பறவையைக்கூடக் கிட்ட இழுத்துக் காட்டும்.”

“ஆன் பண்ணி அது மூக்கை நீட்டறதுக்குள்ள பறவை பறந்துரும். எடுத்தமா அழுத்தினமான்னு இருக்கணும். ஒரு கையால எடுக்க வரணும். தூசி உள்ள போகக்கூடாது. வண்டியிலேயே சார்ஜ் ஏறணும். அப்படி ஏதாவது இருந்தா எடுங்க.”

“ஒரு கையாலயா? சாருக்குத்தான் ரெண்டு கையும் நல்லா இருக்கே” என்று கடைக்காரர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. “இன்னொரு கை எதையாவது பிடிச்சிட்டுத்தான் இருக்கும்” என்றாள்.

எழுத்தாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதும் மாட்டுவதுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் மேஜை இழுப்பறையிலிருந்து, அட்டை கிழிந்த ஒரு புத்தகத்தை எடுத்து அவர் முன் வைத்தார்.

“சார், இதுல மலைப்பாதையில பனி இறங்கி, முன்னால ரோடே தெரியாம நிக்கிறீங்களே, அந்த இடத்தை மூணு தடவை படிச்சேன். அப்ப உங்க மனசுல என்ன சார் ஓடிச்சு?”

எழுத்தாளர் மனைவியைப் பார்த்தார்.

“பயம்தான். வேற என்ன ஓடும்?” என்றாள் அவள், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கேட்டது அவரை, பதில் சொல்வது இவள். நல்லா இருக்கு நியாயம் என்று கடைக்காரர் உள்ளுக்குள் முனகிக்கொண்டார்.

“சாரும் கொஞ்சம் சொல்லட்டுமே மேடம். அவருக்குன்னு ஒரு பிடித்தம் இருக்கும் இல்லையா?”

“நீங்க அவளையே கேளுங்க தம்பி” என்றார் எழுத்தாளர். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் விரித்தாள். “பதிப்பகத்துலேருந்து வந்திருக்கு. எட்டு புத்தகம் போட்டாச்சு, ஒண்ணுலகூடப் போட்டோ இல்ல, இவரு நிஜமாவே இந்த இடத்துக்கெல்லாம் போனாரான்னு ஆளாளுக்குக் கேக்கறாங்களாம். படம் இல்லேன்னா ஒன்பதாவது புத்தகம் கிடையாதுன்னு எழுதிட்டாங்க.”

“யார் சார் அப்படிக் கேட்டது?” கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது.

“யார் வேணா கேக்கட்டும்” என்றாள் அவள். “அதுல ஒரு வரி பொய் கிடையாது தம்பி. எழுதினது அத்தனையும் நடந்தது. அதை நான் காட்டாம விடப்போறதில்ல. நாலு மணிக்குக் கிளம்பணும், அதுக்குள்ள எனக்குக் கேமரா வேணும்.”

அதற்குமேல் கடைக்காரரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பின்னறைக்குப் போய், ஓரத்தில் கிடந்த ஒரு பெட்டியைத் தூசி தட்டி எடுத்து வந்தார். சின்னக் கேமரா. மூக்கு நீளாது. மழையிலும் புழுதியிலும் தாங்கும்.

அவள் அதைக் கையில் வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு பொத்தான்களைத் தடவிப் பார்த்தாள். காய்த்துப்போன உள்ளங்கை. பாவம், வீட்டு வேலை மொத்தமும் இவள் தலையில்தான் போலிருக்கிறது என்று அந்த எரிச்சலிலும் கடைக்காரர் நினைத்துக்கொண்டார். இடது கையால் மேஜை விளிம்பைப் பிடித்தபடி வலது கையால் மூன்று படம் எடுத்தாள். ஒன்றுகூட ஆடவில்லை.

“இதுதான்.”

“சார் கையில ஒரு தடவை வச்சுப் பாக்கட்டும் மேடம். சாருக்கு நீள விரல். இந்தப் பொத்தான் அவருக்குச் சரிப்பட்டு வராது.”

“என் கையில உக்காந்தா போதும்.”

கடைக்காரர் எழுத்தாளரைப் பரிதாபமாகப் பார்த்தார். அவரோ பெரிய பாரம் இறங்கியவர்போலச் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“வாரண்டி கார்டுல சார் பேரையே போட்டுடறேன்.”

“என் பேரைப் போடுங்க” என்றாள் அவள்.

அதுவும் போச்சு. கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். எழுத்தாளரிடம் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வழியனுப்பக் கதவுவரை போனார்.

“இந்தத் தடவை எந்தப் பக்கம் சார் பயணம்?”

எழுத்தாளர் பதில் சொல்வதற்குள், அவர் மனைவி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். வாசலை அடைத்து நின்ற லாரியின் கதவைத் திறந்து, இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

“ராத்திரி சாப்பாட்டுக்கு நிறுத்தினதும் போன் பண்றேங்க. நோட்டை எடுத்து வச்சுக்குங்க” என்று மேலிருந்து சொன்னாள்.

“சரிம்மா. பாத்துப் போ.”

லாரி நகர்ந்தது. கடைக்குள் வெயில் வந்து விழுந்தது. தெருமுனை திரும்பும்வரை நடைபாதையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார் எழுத்தாளர்.

“சார்,” கடைக்காரர் லாரி போன திசையைக் காட்டினார், “நீங்க போகலையா?”

“நானா?” என்றார் எழுத்தாளர். “எனக்கு நாலு தெரு தாண்டினாலே வாந்தி வந்துரும் தம்பி.”