மீதி இருபத்தொன்பது நிமிடம்

நாற்பது நிமிடப் பாடம் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கடிகாரத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வகுத்தலும் மீதியும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தபோது கச்சிதமாக நாற்பது நிமிடம் வந்தது. பிள்ளைகளைப் பார்த்ததும் நாக்கு சக்கரம் கட்டிக்கொண்டுவிட்டது.

முப்பத்திரண்டு பேரும் அடுத்தது என்ன என்று என்னையே பார்த்தார்கள். அடுத்தது ஒன்றுமில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி பெஞ்சில் வகுப்பு டீச்சர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் பயிற்சிக் கல்லூரி மாணவி. வாரத்தில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் இந்த மூன்றாம் வகுப்புக்கு உதவ வருகிறேன். யாரும் வரச் சொல்லவில்லை, நானே வந்து கேட்டதுதான். ஆறு வாரமாக நோட்டு அடுக்கினேன், பென்சில் சீவினேன், மூக்கு துடைத்துவிட்டேன். இன்றைக்குத்தான் சாக்பீஸ் கைக்கு வந்தது. டீச்சர் ஒரு நல்ல வார்த்தை எழுதினால் அடுத்த பருவத்தில் எனக்கென்று ஒரு வகுப்பு. இல்லாவிட்டால் மறுபடியும் பென்சில் சீவல்தான்.

அவரிடம் சலுகையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. இந்தப் பள்ளியிலேயே சிவப்பு மையை அதிகம் செலவழிப்பவர் என்பதால்தான் தலைமையாசிரியை என்னை அவரிடம் ஒப்படைத்தார். போதாக்குறைக்குக் காலையில் சாப்பிடாமல் வேறு வந்திருந்தார். பசி வந்தால் அந்தப் பேனாவுக்கு இரக்கமே கிடையாது.

அவர் கையிலிருந்த என் பயிற்சி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இன்னும் காலி. 'நீங்கள் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள்?' உடன் படிப்பவர்கள் எல்லாம் எதிர்காலத் தலைமுறை, அறிவுச்சுடர் என்று மளமளவென்று நிரப்பிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு பெரிய காரணம் எதுவும் அகப்படவில்லை.

பன்னிரண்டாவது நிமிடம். யாரோ யாரையோ கிள்ளினார்கள். ஒரு பெஞ்சு கிரீச்சிட்டது.

என்ன செய்வதென்று தெரியாதபோது கை பழகியதைத்தான் செய்யும். முன் வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அவளுக்குப் பொக்கை என்று பெயர். சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன். இனிமேல் அவள்தான் டீச்சர், எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் மேசையில் இடித்தன.

எல்லாத் தலைகளும் பலகைப் பக்கம் திரும்பின.

பொக்கை இடுப்பில் கை வைத்தாள். தொண்டையைச் செருமினாள், நான் செருமுவதைப் போலவே. "கவனம், கவனம்" என்று இரண்டு தடவை சொன்னாள். அதுவும் என்னிடமிருந்து எடுத்ததுதான். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

பதினேழு பென்சிலை ஐந்து பேருக்குப் பிரிக்கச் சொல்லி என்னைப் பலகைக்குக் கூப்பிட்டாள்.

ஆளுக்கு இரண்டு, மீதி ஏழு என்று எழுதினேன்.

கடைசி பெஞ்சில் பேனா நின்றது.

முப்பத்தொரு கைகள் மேலே போயின. பொக்கை ஒருவருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

"மீதி ஏழுன்னா அதுக்குள்ள இன்னொரு அஞ்சு ஒளிஞ்சிருக்கு பாரு! அதை வெளிய கூப்பிடு!"

சற்று முன்னால் பாடத்தில் நான் சொன்ன அதே வாக்கியம். அப்போது யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை. இப்போது கூப்பிட்டேன், வந்தது. ஆளுக்கு மூன்று, மீதி இரண்டு.

அதற்குப் பிறகு டீச்சராவதற்கு வரிசையே நின்றது. எல்லோருக்கும் என்னைத் திருத்த வேண்டும். நானும் சளைக்காமல் தப்புத் தப்பாகப் போட்டேன். மணி அடித்தபோது 'அய்யோ' என்றார்கள். இடைவேளை மணிக்கு அய்யோ சொன்ன பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை.

அவர்கள் விளையாட ஓடியதும் டீச்சர் எழுந்து வந்து நோட்டை என் முன்னால் வைத்தார். சிவப்பில் இரண்டே வரி. 'பாடம் பதினொரு நிமிடம்தான். மீதி இருபத்தொன்பது நிமிடத்துக்காக இவருக்கென்று ஒரு வகுப்பு கொடுக்கலாம்.'

குதிக்க வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. முட்டி விடவில்லை.

டீச்சர் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் யாருமில்லை.

"ஏம்மா, அப்பல்லாம் வீட்ல இதே மீதி ஏழு போடுவியே... எனக்காக வேணும்னேதானே தப்பா போட்டே?"

பள்ளிக்கூட வாசலுக்குள் வந்துவிட்டால் 'டீச்சர்', 'அவர்' என்பதுதான் எங்கள் ஒப்பந்தம். மீறியது என் மகள்தான், நானில்லை.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது சமையலறை அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதி, கரண்டியைப் பிரம்பாக்கிக்கொண்டு தினமும் சாயங்காலம் எனக்குப் பாடம் நடத்துவாள். ஏழுக்குள் ஒளிந்திருந்த ஐந்தை முதலில் கண்டுபிடித்துக் கொடுத்தவளே அவள்தான். அவள் வகுப்பு வகுப்பாக ஏற, நானும் அவள் வாலைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். பரீட்சையெல்லாம் பிறகு எழுதினேன். அம்மா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பாதி என்று நான் சொன்னதில்லை.

இன்றைக்குப் போட்டதுதான் வேண்டுமென்றே போட்ட தப்பு.

அவள் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, காலியாகக் கிடந்த கட்டத்தில் எழுதினேன்.

'எனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தபோது என் டீச்சருக்கு வயது எட்டு.'