பதினாலாவது நிமிடம்

"என் ஹேண்ட் கிரீமைக் காணோம்! லேப்ல இதைக்கூடவா திருடுவாங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் அவள் மேஜைப் பக்கம் வந்துபோனது ஒரே ஒரு ஆள்தான். சாம்பிள்களை மெஷினில் ஓட்டிப் பார்க்கிற 'வெறுங்குப்பி' அண்ணன். யார் எதைக் கொடுத்தாலும் முதலில் காலிக் குப்பி ஒன்றை ஓட்டிவிட்டுத்தான் தொடுவார் என்பதால் அந்தப் பெயர்.

ஏற்கெனவே அவர்மேல் கொதிப்பில் இருந்தாள். ஐந்து வாரமாக இலையைக் காயவைத்து, அரைத்து, வடித்து, சாற்றைப் பிரித்திருக்கிறாள். சாற்றில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் ஒரு முகடாகக் காட்டும் மெஷின் வரைந்த கோட்டில் பதினாலாவது நிமிடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு முகடு. எந்தத் தாவரப் பட்டியலிலும் இல்லாத பொருள். புது மருந்தாகவே இருக்கலாம்!

வெள்ளிக்கிழமை டைரக்டரிடம் எதையாவது காட்டினால்தான் வேலை நீடிக்கும். இந்த மனுஷனோ நாலு நாளாக இழுத்தடிக்கிறார்.

"அண்ணே, ரிசல்ட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எத்தனை தடவைதான் கேக்கறது?"

"இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாத்துடறேம்மா. ஆமா, கிளவுஸ் போடாமயா குப்பியை மூடறே?"

"இங்க இருக்கற கிளவுஸ் எல்லாம் தொளதொளன்னு இருக்கு. அதைப் போட்டுக்கிட்டு அந்தச் சுண்டு மூடியைத் திருக முடியுமா? கேள்விக்கு மட்டும் குறைச்சலே இல்லை!"

நேராக டைரக்டரிடம் போய், அவர் வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை என்று புகார் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் கூப்பிட்டார்.

"நீங்க சொன்னது சரிதான்மா. அந்த ரிசல்ட் செல்லாது. மெஷின் குழாயில அழுக்காம். கவனிக்காதது தன் தப்புன்னு அவரே எழுதிக் குடுத்துட்டார். மெமோ குடுத்திருக்கேன். உங்க மேல தப்பில்லை. இன்னும் ஆறு மாசம் தர்றேன், புதுசா ஆரம்பிங்க."

ஐந்து வார உழைப்பு பாழ். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"குழாயைச் சுத்தம் பண்ணத் துப்பில்லை, திருட்டு வேற!"

மெஷின் அறையில் ஆள் இல்லை. ஆத்திரத்தோடு அவர் டிராயரை இழுத்தாள்.

நினைத்தது சரி. அவள் கிரீம் ட்யூப் உள்ளேதான் இருந்தது.

பக்கத்தில் பிரிக்காத கிளவுஸ் பெட்டி, இருப்பதிலேயே சின்ன சைஸ். அதன்மேல் அவள் பெயர்.

ட்யூபுக்கு அடியில் மடித்த தாள். பிரித்தாள். பதினாலாவது நிமிடத்தில் அதே முகடு.

கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி:

'இலைச் சாறு இல்லை. கிரீம் மட்டும்.'