மூன்று பிடி

“தானாத்தான் குதிச்சிருக்காரும்மா. யாரும் தள்ளிவிடல.” லாரிக் கம்பெனி சூப்பர்வைசர் காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டிவந்த லாரியிலிருந்து இறங்கும்போது விழுந்தவர். இடுப்பெலும்பு முறிவு, தலையிலும் வலதுகையிலும் அடி. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை.

“அவரு குதிக்கிற ஆளே இல்ல சார். வீட்டுல ஏணியில ஏறினாக்கூடப் பின்பக்கமாத்தான் இறங்குவாரு. ரெண்டு கை, ஒரு கால், எப்பவும் மூணு பிடி இருக்கணும்பாரு. ‘ஏணி என்ன ஓடியா போயிடும்?’னு நான்தான் கிண்டல் பண்ணுவேன்.”

“தெரியும்மா. ஆனா அன்னைக்கு ஏதோ அவசரம், கையை விட்டுட்டாரு.”

“என்ன அவசரம்?”

சூப்பர்வைசர் காகிதத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார்.

“அவரு தப்புன்னு எழுதிக் குடுத்தா, வைத்தியத்துக்குக் கம்பெனி உதவாதாமே?”

“கையெழுத்துப் போடுங்க. முதலாளிகிட்ட நான் பேசறேன். என்னை நம்புங்க.”

அவள் மடியில் ஒரு பை இருந்தது. லாரிக்கு அடியிலிருந்து பொறுக்கிக் கொடுத்தவை: ஒற்றைச் செருப்பு, லைசென்ஸ், கண்ணாடி நொறுங்கிய போன். பையைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள். வேறு வழி தெரியவில்லை.

சூப்பர்வைசர் அந்த இடைவெளியில் வேறொரு டிரைவருக்குப் போன் போட்டார். காத்திருந்து, சட்டென்று சீறினார்.

“எங்கய்யா தொலைஞ்ச? மூணாவது ரிங்குக்குள்ள எடுக்கணும்னு எத்தனை தடவ சொல்றது? எடுக்காதவனுக்கு மறுநாள் வண்டி கிடையாது. ஞாபகம் இருக்குல்ல?”

கட்டில் கிறீச்சிட்டது. கணவனின் இமைகள் துடித்துப் பிரிந்தன.

“என்னங்க... என்னங்க, நான்தான்!” அவள் பேனாவைப் போட்டுவிட்டு அவர் முகத்தருகே குனிந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையைத்தான் தேடினார். கட்டுப் போட்ட வலதுகை மெல்லக் காதை நோக்கி உயர்ந்தது.

“சார்... மூணாவது ரிங்குக்குள்ள எடுத்துட்டேன்ல?”