மடி நாய்

நைட் ஷிப்ட் முடிந்து பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்குத் திரும்பிய மலர்விழிக்கு நிற்கவே தெம்பில்லை. லிப்ட் பக்கம் போனவள், பெஞ்சில் பக்கத்து வீட்டுக் கன்னையாவைப் பார்த்து நின்றாள்.

அவர் மடியில், துண்டில் சுற்றிய ஷிட்சூ நாய். நெற்றி முடியைக் குடுமியாகக் கட்டியிருந்தார்கள்.

"என்ன அங்கிள், காலங்காத்தால?"

"மோச்சி நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடலம்மா. தண்ணிகூட இறங்கல. நாய் டாக்டர்கிட்ட போகணும், ஒரு கார் கூப்பிட்டுத் தர்றியா? சுகுமாறன் போனை எடுக்க மாட்டேங்கிறான்."

சுகுமாறன் அவருடைய மகன். அவனும் மனைவி ரமணியும் விடிந்ததுமே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"நாய்னு சொன்னா பாதி டிரைவருங்க வரமாட்டாங்க லா. இருங்க, பார்க்கிறேன்."

போனைத் தட்டிக்கொண்டே அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இல்லை, எரிச்சலாக இருந்தது.

போன வாரம்தான் பந்திங்கில் இவருடைய சொந்தத் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இவர் ஒருவர்தான். போகவில்லை. மகனும் மருமகளும் மட்டும் போய் வந்தார்கள். "அப்பாவுக்கு நாயை விட்டு வர மனசே இல்லக்கா" என்று ரமணி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க அங்கிள். தங்கச்சி மகளைவிட நாய் பெருசாப் போச்சா?"

அவர் மோச்சியின் குடுமியைத் தடவிவிட்டார்.

"கேரி தீவு எஸ்டேட்டுல நான் வளர்த்த நாய் பாம்பையே கடிச்சு இழுக்கும்மா. இது பல்லியைப் பார்த்தா என் கைலிக்குள்ள பூந்துக்கும். திருடன் வந்தாலும் மடியில ஏறி உட்காரும். சீன ராஜா வீட்டு இனமாம். காவலுக்கு இல்ல, மடிக்குன்னே வளர்த்தது. தனியா விட்டா மட்டும் தாங்காது."

அது அவளுக்கே தெரியும். இவர் வருவதற்கு முன்பு பகல் முழுக்க இதன் அழுகைதான். தூங்க முடியாமல் ஒருநாள் கதவைத் தட்டிச் சண்டையே போட்டிருக்கிறாள்.

"உங்க மகனையாவது நினைச்சிருக்கலாம் அங்கிள். கிள்ளான்ல முதியோர் இல்லத்துல கிடந்த அப்பாவை இந்தக் காலத்துல யாரு வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா? இந்த பில்டிங்கே அவரை மெச்சுது. கல்யாண வீட்டுல அவருக்குத்தானே தலைகுனிவு?"

"நல்ல பிள்ளைதான்மா" என்றார்.

இரண்டு டிரைவர்கள் நாய் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாமவர் சரி என்றார்.

கன்னையா எழுந்தார். மோச்சி கண்ணைத் திறக்காமல் அவர் விரலை நக்கியது. அவர் கண் கலங்கியதைப் பார்த்து மலர்விழி கொஞ்சம் இளகினாள்.

"பயப்படாதீங்க அங்கிள். அப்படியே ஏதாச்சும் ஆனாலும், வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

"வேற நாயே வேணாம்னு ரமணி சொல்லிருச்சும்மா."

கார் வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து பிடித்தாள். உள்ளே உட்கார்ந்து துண்டைச் சரிசெய்தவர், அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"இது அழுதுக்கிட்டே கிடந்தப்ப, பகல்ல பக்கத்துல ஒரு ஆள் இருந்தாத்தான் பிழைக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அந்த வாரம்தான்மா சுகுமாறன் என்னைக் கூப்பிட கிள்ளானுக்கு வந்தான். இது போயிட்டா, எனக்கு இங்க என்னம்மா வேலை?"